ஒரு பக்க அறிக்கையும் ஏழு உயிர்களும்: சேலஞ்சர் ஆவணங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

அறிக்கை என்பது, நடந்ததையும் கண்டறிந்ததையும் ஒழுங்குபடுத்தி எழுதி, முடிவெடுக்க வேண்டியவர் கையில் சேர்ப்பிக்கும் எழுத்து ஆகும். அதன் உறுப்புகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன: தலைப்பு, நோக்கம், முன்னுரை, தரவுகள், கண்டறிந்தவை, முடிவு, பரிந்துரை, பின்னிணைப்பு, நாள், கையொப்பம். தேர்வில் இவற்றுக்கு உறுப்புக்கு ஒன்றாக மதிப்பெண்ணும் உண்டு. இவை யாவும் இடம்பெற்ற ஓர் அறிக்கை, படிப்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடும் என்பது மட்டும் பாடத்தில் வருவதில்லை.

இதற்குச் சான்றாக உலகெங்கும் பொறியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டப்படுவது, அமெரிக்க விண்ணோடமான சேலஞ்சரின் விபத்தைச் சுற்றியுள்ள ஆவணங்கள். விபத்துக்கு ஆறு மாதம் முன்பு எழுதப்பட்ட ஒரு குறிப்பாணை, முந்தின இரவு தொலைநகலில் அனுப்பப்பட்ட தாள்கள், விபத்துக்குப்பின் வந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கை, அதன் பின்னிணைப்பு ஆகியவை அனைவரும் படிக்கும்படி வெளியாகியுள்ளன. இவற்றை அருகருகே வைத்துப் படித்தால், அறிக்கை எழுதுதல் பற்றிய பல வழக்கமான அறிவுரைகள் மறுபரிசீலனைக்கு உரியவை எனத் தோன்றும்.

பின்னணி

1986 ஜனவரி 28 காலை, புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து புறப்பட்ட சேலஞ்சர் 73 விநாடிகளில் வானிலேயே சிதைந்தது. அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். ஆகையால் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே அந்த ஏவுதலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தனர்.

விண்ணோடத்தை மேலே தள்ளுவதற்கு இருபுறமும் இரண்டு திட எரிபொருள் உந்துகணைகள் இருந்தன. யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தியோகால் நிறுவனம் இவற்றைத் துண்டு துண்டாகச் செய்து அனுப்பியது. புளோரிடாவில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்பட்டன. இணைப்பின் வழியே உள்ளிருக்கும் சூடான வாயு வெளியேறாமல் தடுப்பவை இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-வளையம் என்பது அவற்றின் பெயர். உந்துகணை பற்றியதும் உள்ளழுத்தத்தால் இணைப்பு மிகச் சிறிதளவு விரியும். ரப்பர் உடனே எழும்பி அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், எழும்பத் தாமதமாகும். விபத்தன்று நடந்தது இதுதான்.

உந்துகணைகளுக்குப் பொறுப்பான நாசாவின் கிளை அலபாமாவிலுள்ள மார்ஷல் மையம். யூட்டா, அலபாமா, புளோரிடா என மூன்று இடங்களுக்கிடையே தொலைபேசியிலும் தொலைநகலிலும் நடந்த உரையாடலே இங்குப் பேசப்படும் தாள்களின் பிறப்பிடம்.

1985 ஜூலை 31-ஆம் நாள் குறிப்பாணை

தியோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜொலே, தம் நிறுவனத்தின் பொறியியல் துணைத்தலைவருக்கு எழுதிய இந்தக் குறிப்பாணை ஒரு பக்க அளவுள்ளது. எதற்காக எழுதப்படுகிறது என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது: வளைய அரிப்பு எவ்வளவு கடுமையானது என்பதை நிர்வாகம் முழுமையாக உணர வேண்டும். அடுத்து, அச்சமின்றிப் பறக்கலாம் என்று அதுவரை ஏற்கப்பட்டிருந்த நிலைப்பாடு தவறானது என்கிறது. ஒரு வேறு இணைப்பில் முதல் வளையம் அடைக்கவே இல்லை, இரண்டாம் வளையமும் அரிக்கப்பட்டது என்ற நிகழ்வைச் சான்றாக வைக்கிறது. அதே நிலை உந்துகணைத் துண்டுகளின் இணைப்பில் ஏற்பட்டால் உயிரிழப்பு நேரும் என்று நேராகச் சொல்கிறது. சிக்கலைத் தீர்ப்பதற்கென்று அமைத்த குழு பெயரளவில்தான் இருக்கிறது, அதற்கு முறையான பொறுப்பும் அதிகாரமும் முழுநேர வேலையும் வேண்டும் என்று கேட்கிறது. உடனே எதுவும் செய்யாவிட்டால் ஒரு பயணத்தையும் ஏவுதளத்தையும் இழக்க நேரிடும் என்ற தம் அச்சத்தைச் சொல்லி முடிக்கிறார் போஜொலே.

அலுவல் எழுத்தில் 'அச்சம்' என்ற சொல் வரலாமா என்று கேட்பவர் உண்டு. தன்மை ஒருமையில் எழுதாதே, உணர்ச்சியைக் காட்டாதே என்பவை அறிக்கை எழுதுவோருக்கு முதலில் சொல்லப்படும் விதிகள். இந்தக் குறிப்பாணை இரண்டையும் மீறுகிறது. ஆயினும் மொத்த ஆவணக் குவியலில் யார், எதை, ஏன், என்ன கேட்கிறார் என்ற நான்கு கேள்விக்கும் ஒரே வாசிப்பில் விடை தரும் தாள்களுள் இது ஒன்று. இதன் அச்சம் சான்றுக்குப் பின்னால் வருகிறது. சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அது எடுபடுகிறது.

குறைகள் இல்லாமலும் இல்லை. தலைப்பு வறண்ட தொழில்நுட்பச் சொற்களின் அடுக்கு; அதை மட்டும் பார்த்துக் கோப்பில் சேர்ப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை என்று தெரியாது. நிறுவனத்துக்குள் மட்டும் என்ற குறிப்போடு சென்றதால், ஏவும் முடிவை எடுக்கும் நாசா அதிகாரிகள் இதன் வாசகர்களே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குளிரைப் பற்றி இதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆறு மாதம் கழித்து எந்தக் கேள்வி எழப்போகிறதோ அந்தக் கேள்விக்கு இதைச் சான்றாக எடுத்துவைக்க வழியில்லாமல் போயிற்று.

பதின்மூன்று தாள்கள்

1986 ஜனவரி 27 அன்று, மறுநாள் காலை கடுங்குளிர் இருக்கும் என்ற வானிலைக் கணிப்பு வந்தது. சில மணி நேரத்தில் தியோகால் பொறியாளர்கள் பதின்மூன்று தாள்களைத் தயாரித்துத் தொலைநகலில் அனுப்பினர். பல கையால் எழுதியவை. இரவு 8.45 மணிக்குத் தொலைபேசிக் கூட்டம் தொடங்கியது. அவர்களின் பரிந்துரை: வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைவாக, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இருந்தால் ஏவக் கூடாது.

பரிந்துரை சரியானது. அதைத் தாங்க வேண்டிய தாள்கள் தாங்கவில்லை. முடிவுகள் என்று தலைப்பிட்ட தாளின் தொடக்கமே, வாயுக் கசிவுக்கு வெப்பநிலை மட்டும் காரணம் அன்று என்கிறது. அடுத்து, கசிவு கண்ட இரண்டு பயணங்கள்: ஒன்றில் வளையம் 53 டிகிரியில் இருந்தது, மற்றொன்றில் 75 டிகிரியில். அதற்கும் அடுத்து, 47 முதல் 52 டிகிரி வரை சோதித்த தரைச் சோதனை உந்துகணைகளில் கசிவே இல்லை என்ற செய்தி. குளிர்ந்தால் ஆபத்து என்று வாதிட வந்தவர்களே, வெதுவெதுப்பிலும் கசிந்தது, குளிரிலும் கசியவில்லை என்று எதிர்த்தரப்புக்கு எடுத்துக்கொடுத்தது போலாயிற்று. மார்ஷல் அதிகாரிகள் அந்த இடத்தில்தான் பிடித்தார்கள்.

நேர்மையான பொறியாளர், தமக்குப் பாதகமான தரவையும் சொல்லத்தான் வேண்டும். அதில் தவறில்லை. தவறிப்போனது வேறொன்று. சேதம் கண்ட பயணங்கள் மட்டும் பேசப்பட்டன. சேதமே காணாத பயணங்கள் விட்டுப்போயின. பின்னர் விசாரணை ஆணையம் அவற்றையும் சேர்த்துப் பார்த்தது. 61 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த வெப்பநிலையில் நடந்த 21 ஏவுதல்களில் நான்கில் மட்டும் வளையத்தில் பாதிப்பு. 61-க்குக் கீழே நடந்த ஒவ்வொன்றிலும் பாதிப்பு. ஆணைய அறிக்கையின் ஆறாம் அத்தியாயத்தில் இரண்டு வரைபடங்கள் உள்ளன. சேதம் கண்ட பயணங்களை மட்டும் குறித்த வரைபடத்தில் புள்ளிகள் அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கின்றன; எதுவும் புலப்படாது. எல்லாப் பயணங்களையும் குறித்த வரைபடத்தில், சேதமில்லாத பயணங்கள் எல்லாம் வெதுவெதுப்பான பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. புள்ளியியல் தெரியாதவரும் ஒரு நொடியில் விளங்கிக்கொள்ளும் படம் அது. ஒன்றும் நிகழாத நாள்களும் தரவுதான் என்பதை, பத்தாம் வகுப்பு மாணவருக்கும் இந்த இரு படங்களை வைத்தே கற்பித்துவிடலாம்.

தரவுகளைக் காட்சிப்படுத்துதல் பற்றி எழுதிய எட்வர்டு டஃப்டி, 1997-இல் வெளிவந்த தம் நூலில், இந்தத் தாள்கள் ஒழுங்காக வரையப்பட்டிருந்தால் ஏவுதல் நின்றிருக்கும் என்ற பொருள்பட வாதிட்டார். போஜொலே உள்ளிட்டோர் 2002-இல் இதை மறுத்தனர். டஃப்டி காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் குழப்பிக்கொண்டார், அன்றிரவு பொறியாளர் கையில் இல்லாத தரவுகளை இருந்ததாக வைத்துப் பேசுகிறார் என்பது அவர்கள் வாதம். இந்த மறுப்பில் நியாயம் அதிகம். சில மணி நேர அவகாசத்தில் எழுதியவர்களைப் பதினோராண்டு நிதானத்தோடு திருத்துவது எளிது. ஆனால் டஃப்டி கேட்கும் கேள்வியை அந்த மறுப்பு முழுதாகத் தீர்க்கவில்லை. 1985 முழுவதும் அவகாசம் இருந்தது. பயணத்துக்குப் பயணம் வெப்பநிலையையும் சேதத்தையும் ஒரே அட்டவணையில் எழுதிவைக்கும் வழக்கம் அந்த நிறுவனத்திலும் இல்லை, மார்ஷல் மையத்திலும் இல்லை.

கையொப்பமிட்ட ஒரு பக்கம்

இந்த ஆவணங்களில் மிக நுணுக்கமாகப் படிக்க வேண்டியது அன்றிரவின் கடைசித் தாள். எதிர்ப்பு எழுந்ததும் தியோகால் தரப்பு ஐந்து நிமிடம் தனியே பேச அவகாசம் கேட்டது. அது அரை மணி நேரமாக நீண்டது. போஜொலேயும் இன்னொரு பொறியாளரும் தடுத்துப் பார்த்தனர். பின்னர் நான்கு மேலாளர்கள் மட்டும் கலந்து முடிவை மாற்றினர். மார்ஷல் அதிகாரிகள் எழுத்துவடிவில் கையொப்பத்துடன் கேட்டனர். கென்னடி மையத்தில் நிறுவனத்தின் சார்பில் இருந்த ஆலன் மெக்டொனால்டு கையொப்பமிட மறுத்தார். ஆகவே யூட்டாவிலிருந்து துணைத்தலைவர்களுள் ஒருவரான ஜோ கில்மின்ஸ்டர் கையொப்பமிட்டு அனுப்பினார்.

வடிவத்தில் குறைசொல்ல இடமில்லாத தாள் இது. தலைப்பு உண்டு, எண்கள் உண்டு, மதிப்பீடு உண்டு, பரிந்துரை உண்டு, கையொப்பமும் பதவியும் உண்டு. வகுப்பில் திருத்தினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். உள்ளே சொல்லப்படுவதை வரிசையாகப் பார்த்தால் இப்படிப் போகிறது. 25-ஆம் உந்துகணை இணையின் வளையங்கள் 15-ஆம் இணையினுடையதைக் காட்டிலும் 20 டிகிரி கூடுதல் குளிர்ச்சியாக இருக்கும். கசிவை முன்னறிய வெப்பநிலைத் தரவுகள் போதா. குளிர்ந்த வளையம் கடினமாகும். கடினமான வளையம் அமர அதிக நேரம் எடுக்கும். அதற்குள் கூடுதல் வாயு முதல் வளையத்தைக் கடக்கலாம். எனினும் முன்பு கண்ட அரிப்பைப் போல மூன்று மடங்கு வரை அடைப்பு தாங்கும் என்று காட்டப்பட்டுள்ளது. முதல் வளையம் அமராவிட்டால் இரண்டாவது அமரும். ஆகவே ஜனவரி 28 அன்று ஏவலாம். 25-ஆம் இணை 15-ஆம் இணையிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபட்டிராது.

முதல் ஐந்து செய்திகளும் ஏவாதே என்கின்றன. பரிந்துரை ஏவு என்கிறது. நடுவில் 'ஆகவே' வருவதற்கு வேண்டிய படி தாளில் இல்லை. வளையம் 20 டிகிரி வேறுபடும் என்று தொடங்கிய தாள், வேறுபாடு ஒன்றும் பெரிதில்லை என்று முடிகிறது. அந்த 15-ஆம் இணை எது என்பதும் தாளில் சொல்லப்படவில்லை. 1985 ஜனவரியில் 53 டிகிரியில் பறந்து, கரிய புகைக்கறையோடு மிக மோசமான கசிவைக் காட்டிய இணை அது! மிக மோசமான முன்னுதாரணத்தைப் போலத்தான் இதுவும் இருக்கும் என்பதை ஓர் உறுதிமொழியாகத் தந்திருக்கிறார்கள். இணைகளின் எண்ணை மட்டும் எழுதியதால் அந்த நினைவு படிப்பவருக்கு வராது.

அந்த '20 டிகிரி' என்ற எண்ணும் கவனிக்கத் தக்கது. வேறுபாடு தரப்பட்டுள்ளது, வெப்பநிலை தரப்படவில்லை. 53-இலிருந்து 20-ஐக் கழித்து 33 என்று கண்டு, அது நீர் உறையும் நிலையை ஒட்டியது என்று உணர்வது வாசகரின் வேலையாகிவிடுகிறது. நள்ளிரவை நெருங்கும் வேளையில் தொலைநகல் தாளைப் பெறுபவர் அந்தக் கழித்தலைப் போடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்த வரிகளில் பல 'பொறியியல் மதிப்பீடு' என்ற தலைப்பின்கீழ் வருகின்றன. மதிப்பிட்டவர் யார்? அறையிலிருந்த பொறியாளர்கள் எதிர்த்தார்கள். மேலாளர் நால்வர் முடிவெடுத்தார்கள். இது நிறுவனத்தின் பொறியியல் கருத்து என்று தாளைப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். செயலைச் செய்தவரை மறைக்கும் இந்த நடை தமிழ் அலுவல் எழுத்துக்குப் புதிதன்று. 'முடிவு செய்யப்பட்டது', 'கருதப்படுகிறது', 'ஆவன செய்யப்படும்' என்ற தொடர்களில் எழுவாய் எங்கே என்று தேடிப் பார்த்தால் தெரியும். அறிக்கை நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செயப்பாட்டு வினை பரிந்துரைக்கப்படுகிறது. ஆய்வகத்தில் 'கரைசல் சூடாக்கப்பட்டது' என்று எழுதினால் யாருக்கும் கேடில்லை. யார் சூடாக்கினாலும் ஒன்றுதான். முடிவு, மதிப்பீடு, ஒப்புதல் ஆகியவற்றில் யார் என்பதுதான் செய்தியின் பாதி. அங்கே ஆளை விட்டுவிடும் வாக்கியம் குறைச் செய்தியாகவே நிற்கிறது.

விடுபட்டவை இன்னும் இரண்டு. அதே நிறுவனம் அதே இரவில் 53-க்குக் கீழே ஏவாதீர்கள் என்று எழுதியனுப்பியது இந்தத் தாளில் இல்லை. பொறியாளர்கள் இன்னும் உடன்படவில்லை என்பதும் இல்லை. ஏவும் இறுதி முடிவை எடுத்த உயர் அதிகாரிகளுக்கு இவ்விரண்டும் தெரியாமலே இருந்தன என்று ஆணையம் பின்னர் கண்டறிந்தது.

தாளின் அடியில் அச்சிட்ட ஒரு குறிப்பு இருக்கிறது. இப்பக்கத்திலுள்ள செய்தி வாய்மொழி விளக்கத்துக்குத் துணையாகத் தயாரிக்கப்பட்டது, அவ்விளக்கம் இன்றி முழுமையானதாகக் கொள்ளலாகாது என்பது அதன் பொருள். நிறுவனத்தின் தாள்களில் வழக்கமாக இருந்த குறிப்புதான். ஆனால் கையொப்பம் வேண்டும் என்று கேட்டு வாங்கப்பட்ட இந்தத் தாள், வாய்மொழி விளக்கம் எதுவும் உடன்வராமல், அதுவே இறுதிச் சொல்லாகக் கொள்ளப்பட்டது.

ஆணையத்தின் அறிக்கை

குடியரசுத் தலைவர் ரீகன் அமைத்த ஆணையத்துக்கு வில்லியம் ராஜர்ஸ் தலைவர். நிலவில் முதலில் நடந்த நீல் ஆம்ஸ்ட்ராங் துணைத்தலைவர். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன், விண்வெளி வீராங்கனை சாலி ரைடு ஆகியோர் உறுப்பினர்களுள் அடங்குவர். 160-க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து, ஏறத்தாழ 6,300 ஆவணங்களைப் பார்த்து, 1986 ஜூன் 6 அன்று அறிக்கை அளிக்கப்பட்டது. நான்கே மாத வேலை.

இதன் சிறப்பு அமைப்பில் தொடங்குகிறது. என்ன நடந்தது என்பது ஓர் அத்தியாயம். ஏன் உடைந்தது என்பது அடுத்தது. ஏன் ஏவ முடிவெடுத்தார்கள் என்பது அதற்கும் அடுத்தது. பொருளின் காரணத்தையும் மனிதரின் காரணத்தையும் கலக்காமல் தனித்தனியே நிறுவியிருப்பது பின்பற்றத்தக்கது. நடந்ததைச் சொல்லும் பகுதியில் உரிச்சொற்களே அரிது. பற்றவைத்த 0.678 விநாடியில் வலப்பக்க உந்துகணை இணைப்பில் புகை, 58.788 விநாடியில் முதல் தீநாக்கு என்று நிழற்படச் சான்றோடு எண்கள் மட்டுமே வருகின்றன. படிப்பவர் மனம் கனத்துப்போவதற்கு அவையே போதும். பிந்தைய அத்தியாயங்களின் தலைப்புகளோ மாறிவிடுகின்றன. விபத்தின் வேர் வரலாற்றில் இருக்கிறது என்பது ஒரு தலைப்பு. பாதுகாப்புப் பிரிவு வாய்திறக்காமல் இருந்தது என்பது இன்னொன்று. பொருளடக்கத்தை மட்டும் பார்ப்பவருக்கும் தீர்ப்பு தெரிந்துவிடும். 'அத்தியாயம் 4: ஆய்வும் முடிவுகளும்' என்று தலைப்பிடும் ஆய்வேட்டு மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பரிந்துரைகள் ஒன்பது. இணைப்பு மாற்றியமைக்கப்பட வேண்டும் என்பதோடு நில்லாமல், அந்த வேலையை வெளியார் குழு ஒன்று மேற்பார்க்க வேண்டும் என்கிறது முதல் பரிந்துரை. ஓராண்டு கழித்து என்ன செய்தோம் என்று நாசா குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும் என்றும் கேட்கப்பட்டிருக்கிறது. செய்பவரும் காலக்கெடுவும் உள்ள பரிந்துரை என்றால் இதுதான்.

பலவீனமான இடங்களும் உண்டு. ஏவும் முடிவு பிழையானது என்று ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. முடிவெடுத்தவர்களுக்கு முழுச் செய்தி தெரிந்திருக்கவில்லை என்பதே அதன் விளக்கம். சாட்சியங்கள் பெயரோடும் சொன்னது சொன்னபடியும் தரப்பட்டுள்ளதால், ஆணையம் எதையும் மறைத்தது என்று கூற முடியாது. ஆனால் செய்தி மேலே போகவில்லை என்ற விளக்கம், கீழேயும் நடுவிலும் தெரிந்தே ஏற்கப்பட்டு வந்த அரிப்பைச் சற்றுப் பின்தள்ளிவிடுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக் குழுவின் அறிக்கை இதைத்தான் சுட்டியது. தகவல் தொடர்பின் குறையைவிட, பல ஆண்டுகளாக எடுக்கப்பட்ட மோசமான தொழில்நுட்ப முடிவுகளே அடிப்படைக் காரணம் என்றது அக்குழு. ஆணையத்தின் ஆறாம் அத்தியாயத்தையே ஊன்றிப் படித்தால், அதிலுள்ள சான்றுகள் இந்த இரண்டாம் கருத்துக்குத்தான் வலுச்சேர்க்கின்றன. தன் முடிவைவிடத் தன் சான்றுகள் முன்னே சென்றுவிட்ட அறிக்கை என்று இதைச் சொல்லலாம்.

பரிந்துரைகளுக்குப்பின் நாசாவைப் பாராட்டி, நாட்டின் ஆதரவு அதற்குத் தொடர வேண்டும் என்று கேட்கும் ஒரு முடிவுரையும் இருக்கிறது. முதலில் இது பத்தாவது பரிந்துரையாக இருந்தது, தாம் எதிர்த்ததால் இடம் மாறியது என்று ஃபைன்மன் 1988-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் கூறியுள்ளார். ஆணையத்திடம் கேட்கப்பட்டது விபத்தின் காரணம். அமைப்பின் தகுதி பற்றி அது எதையும் ஆராயவில்லை. ஆராயாத ஒன்றைப் பற்றி முடிவு சொல்வது, பாராட்டாக இருந்தாலும், அறிக்கைக்கு ஒட்டாத பகுதி. 'இந்நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது' என்று பழக்கத்தால் எழுதும் நம் விழா அறிக்கைகளின் கடைசி வரிக்கு இது அண்ணன்.

பின்னிணைப்பு எஃப்

ஃபைன்மன் தனியே எழுதிய பகுதி இரண்டாம் தொகுதியில் பின்னிணைப்பாக உள்ளது. பனிநீர்க் குவளையில் ரப்பர்த் துண்டை முக்கிக் காட்டிய அவருடைய சோதனை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பின்னிணைப்பைப் படித்தவர் அவ்வளவு பேர் இல்லை. பெரும் விபத்துக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்கிறார்கள் பொறியாளர்கள், லட்சத்தில் ஒன்று என்கிறது நிர்வாகம் என்று தொடங்குகிறார். லட்சத்தில் ஒன்று என்றால், நாள்தோறும் ஒன்றாக 300 ஆண்டுகள் ஏவி, ஒன்றை மட்டுமே இழக்க வேண்டும். நாசாவின் உயர் அதிகாரிகளின் எண் எவ்வளவு நம்ப முடியாதது என்பது, எந்தக் கண்டனச் சொல்லும் இல்லாமலே ஒரு பெருக்கல் கணக்கில் விளங்கிவிடுகிறது.

கில்மின்ஸ்டர் தாளில் கண்ட 'மூன்று மடங்கு' போன்ற வாதத்துக்கான விடையும் இங்கே கிடைக்கிறது. வளையம் மூன்றில் ஒரு பங்கு அரித்தபோது, இன்னும் மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்று கணக்குச் சொல்லப்பட்டு வந்தது. பாலம் கட்டும்போது எதிர்பார்க்கும் எடையைப் போல மூன்று மடங்கு தாங்குமாறு கட்டுவது பாதுகாப்பு மடங்கு. எதிர்பார்த்த எடை ஏறியபோதே உத்திரம் மூன்றில் ஒரு பங்கு விரிசல் விட்டால், அங்கே பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை, வடிவமைப்பு தோற்றுவிட்டது என்று ஃபைன்மன் விளக்குகிறார். வளையம் அரிக்கப்படவே கூடாது என்றுதான் அது வடிவமைக்கப்பட்டது. முறையான ஒரு கலைச்சொல், அதன் பொருளுக்கு நேர் எதிரான இடத்தில் பயன்பட்டிருக்கிறது. அறிக்கையில் கலைச்சொல்லுக்கு வரையறை எழுதச் சொல்வதன் பயன் இங்கே தெரியும்.

இந்தப் பின்னிணைப்பு தன்மை ஒருமையிலும் பேசுகிறது. எந்தப் பகுதிகளைத் தாம் பார்த்தார், எதைப் பார்க்க நேரமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. முதன்மை அறிக்கையின் ஐந்தாம் அத்தியாயத்தைவிட இதில் காரமும் உண்டு, துல்லியமும் உண்டு. இரண்டையும் படிக்கும் மாணவர் ஒருவர் இதையே முதலில் படித்தால் நல்லது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின்

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதைந்து மேலும் ஏழு பேர் மாண்டனர். ஏவும்போது கழன்ற நுரைத்துண்டு இறக்கையில் மோதியது, விண்ணோடம் சுற்றிக்கொண்டிருந்தபோதே தெரிந்திருந்தது. சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் தயாரித்துத் திரையில் காட்டிய பக்கங்களை, விசாரணைக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் தனியே எடுத்து ஆராய்ந்தது. முழுத் தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தை இத்தகைய காட்சிப் பக்கங்கள் பிடித்துக்கொண்டதைக் குழு குறைகூறியது.

அவற்றுள் ஒரு பக்கத்தின் தலைப்பு, சோதனைத் தரவுகள் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றன என்ற எண்ணத்தைத் தருவது. அதன்கீழ் புள்ளியிட்டும் கோடிட்டும் உள்ளே உள்ளே செல்லும் சிறிய எழுத்து வரிகள். பக்கத்தின் அடிப்பகுதியில், ஆகச் சிறிய எழுத்துகளுள் ஒன்றாக, மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே வரியில்தான் உள்ளன. ஒன்று மற்றதைப்போல 640 மடங்கு என்ற வகுத்தலை அந்தப் பக்கத்தில் யாரும் போட்டுக் காட்டவில்லை.